காது வச்ச வண்டி

வாங்க தம்பி, வாங்க. ஈரோட்டுல இருந்து போன் பண்ணுனது நீங்கதானுங்களா? பஸ்ஸுலயே வந்துட்டீங்களாட்டிருக்குது, கையில ஹெல்மெட்டையும் புடிச்சுட்டு. அப்ப எடுத்துட்டே போறதுங்கற முடிவோட வந்திருக்கீங்க. நல்லது. இதுக்கு முன்னால வந்தவனுங்கல்லாம் போட்டோப் புடிக்க வந்தவனுங்க. மேல ஏறி உக்காந்து ஒண்ணு, எறங்கி நின்னு ஒண்ணு, அப்பறம் வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேனுங்கன்னு நழுவிருவானுங்க. கோயமுத்தூர்க்காரன் ஒருத்தன் வந்தான் பாருங்க, பின் சீட்டைக் கழட்டிப்போட்டு ஒத்தச் சீட்டா மாத்தப்போறானாமா. அதுதான் இப்ப ஸ்டைலாமா. ஏப்பா, பின் சீட்டு இல்லாத டூரிங் வண்டி என்னத்துக்கு ஆவறது? ரெண்டு பேரு ஊரு ஊராப் போறதுக்குன்னே பண்ணுன வண்டிப்பா இது, பின்னாடி ஒரு ஆள் இல்லைன்னா இதுக்கு என்ன மரியாதைன்னு கேட்டேன். போயிட்டு வா சாமின்னு அனுப்பிப்போட்டேன்.

உக்காருங்க. மோர் குடிக்கறீங்களா? நானே கலக்குனதுதான், உப்பு முன்னப்பின்ன இருக்கும்.

ஏன் விக்கறீங்கன்னு போன்லயே கேட்டீங்க. நேர்ல சொல்றேன்னேன். எங்கூட்டுக்காரி மயிலாத்தா இப்ப திருப்பூர்ல மக சுகுணா வீட்டுல இருக்கறா. பொங்கலுக்கு முன்னால போனவ. இப்ப வைகாசி ஆச்சு. இந்த வண்டி இந்த வாசல்ல நிக்கற வரைக்கும் அவ வரமாட்டாளுங்க. அவ வாயால அப்படி ஒண்ணும் சொல்லல. நானாப் புரிஞ்சுக்கிட்டேன். கட்டிக்கிட்டு இத்தன வருசம் ஆச்சு, பொண்டாட்டி மனசுல இருக்கறது நமக்குத் தெரியாதுங்களா? வண்டியை வித்துப்போட்டேன்னு இன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பொழுதோட பஸ் ஏறிருவா. அதுக்குத்தான் விக்கறேன். இல்லைன்னா இதை நான் கண்ணுல காட்டுவனா?

சரி, வாங்க, தார்ப்பாயை எடுக்கறேன். அந்த முனையைப் புடிங்க.

எப்படி? ம்? சுத்திச் சுத்தி வர்றீங்களா? பாக்கற எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க.

கம்பெனிப் பேரெல்லாம் டேங்க்குல இருந்துச்சு, குன்னூர் எஸ்டேட் மேனேஜர்கிட்ட நான் வாங்கறப்பவே அழிஞ்சுபோச்சு. புல்லட்டுன்னு நெனச்சுப்போடாதீங்க. இங்க பாருங்க, என்ஜின்ல ரெண்டு பக்கமும் ரெண்டு சிலிண்டர் நீட்டிட்டு இருக்குதுங்களா? இதைப் பாத்துத்தான் எங்கூரு ஆளுங்க காது வண்டின்னு பேரு வச்சாங்க. "சென்னியப்பண்ணனோட காது வண்டி போவுது"ம்பாங்க. எண்ணூறு சிசி. ரெண்டு கார்புரேட்டர். ரெண்டு சிலிண்டரும் ரெண்டு கையாட்டம் எதிரும் புதிருமா வேலை செய்யறதுனால அதிர்வே இருக்காது. டேங்க்கு மேல டம்ளர்ல டீ வச்சாத் தளும்பாது. நான் மில்லுல மெயின்டனன்ஸ்ல இருந்தவன், எத்தனையோ மெசினைப் பாத்திருக்கறேன், இப்படி ஒரு அடக்கமான என்ஜினைப் பாத்ததில்லீங்க. இன்னொண்ணு, நீலகிரிக் குளிர்ல போறப்ப இந்தச் சிலிண்டர் சூடு காலுக்கு வந்துட்டே இருக்கும். அடுப்பு முன்னால உக்காந்திருக்கற மாதிரி. நான் அவலாஞ்சிக் குளிர்லயே சாக்ஸ் போடாம ஓட்டியிருக்கறேன். இவ பின்னாடி பல்லைக் கடிச்சுட்டுக் கெடுகெடுன்னு நடுங்குவா. அவளுக்குச் சின்ன வயசுல இருந்தே குளிரு ஆகாது. ஒடம்பு வாகு அப்படி.

செயினே கெடையாது, பாத்தீங்களா? ஷாஃப்ட். பின் சக்கரத்துக்கு ஒரு தண்டு போவுது, உள்ள கியரு. செயினுக்கு எண்ணெய் போடறது, இறுக்கறது, அறுந்துபோயி நடுரோட்டுல நிக்கறது, ஒண்ணுமில்ல. பன்னெண்டு வருசத்துல என்னை ஒரு எடத்துல நிறுத்துனதில்ல இது. டேங்க்கைத் தட்டிப் பாருங்க. இருவத்தி நாலு லிட்டரு. ரொப்புனீங்கன்னா கோபியில எடுத்து நாகர்கோயில் கிட்டக்கப் போயிரலாம். அதுதானுங்க டூரிங் வண்டிக்கு அழகு, எடுத்தா நிறுத்தக்கூடாது. மத்தவங்க சம்சாரம் எல்லாம் அரை மணிக்கொருக்கா நிறுத்துங்க நிறுத்துங்கன்னு உசுரெடுப்பாங்களாமா. எங்க மயிலா அப்படியில்ல. டூர் போற அன்னைக்குக் காலையில இருந்தே சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டா. ஏன் புள்ள, தாகம் எடுக்காதான்னு கேட்டா, இல்லீங்கம்பா. அப்படி ஒரு தொந்தரவில்லாத பொம்பள. ஒருவாட்டி தென்காசி லாட்ஜுல எறங்குனதும் ஒரு குடம் தண்ணியக் குடிச்சுப்போட்டா. நான் சிரிச்ச சிரிப்பு அவளுக்குக் கூச்சமாப்போச்சு.

இந்தக் கண்ணாடித் தடுப்பு இருக்குதுங்களே, இது எஸ்டேட்காரர் தனியா வரவழைச்சது. எவ்வளவு வேகத்துல போனாலும் மொகத்துல காத்துப் படாது. உங்களுக்கு மேல தூக்கிப் பின்னாடி அனுப்பிரும். அதுல ஒரு சின்னச் சங்கடம், பின்னாடி இருக்கறவங்க தலையில போயி அடிக்கும். மயிலா துண்டக் கட்டி அதுக்கு மேல ஹெல்மெட்டை மாட்டிக்குவா. எறங்குனா ரெண்டு மணி நேரத்துக்குக் காதுல இரைச்சல் கேட்டுட்டே இருக்குதும்பா. பழகிப்போச்சு.

பெட்டியப் பாருங்க. ரெண்டு பக்கமும் ரெண்டு. மழை ஒரு பொட்டு உள்ள போகாது. நம்ம வண்டியில எல்லாம் பொம்பளைங்க சேலையோட ஒருசாஞ்சு உக்கார கம்பி வச்சிருப்பாங்க, கால் வைக்கத் தனியாப் பலகை வச்சிருப்பாங்க. இதுல அதுக்கெல்லாம் எடமில்ல, பெட்டி வந்துருச்சே. ரெண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உக்காரோணும். முதல்ல மாட்டவே மாட்டேன்னா. அம்பது வயசுல சுடிதார் போட்டா ஊரு என்ன பேசும்னு அழுவாத கொறை. அப்பறம் அவளே ஒரு வழி கண்டுபுடிச்சா. இங்கிருந்து சேலையோட ஒருசாஞ்சு உக்காந்து, பெட்டி மூடி மேல காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு பண்ணாரி வரைக்கும் வருவா. அங்க ஆத்தாளக் கும்பிட்டுப்போட்டு, கோயிலுக்கு எதுக்கால இருக்கற கட்டணக் கழிப்பறைக்குள்ள போயி சுடிதாரு மாத்திக்கிட்டு வருவா. திரும்பி வர்றப்பவும் அதே எடத்துல சேலைக்கு மாறிக்குவா. பத்து வருசம் அங்க துணி மாத்தியிருக்கறா பாருங்க, அந்தக் கழிப்பறைக்காரம்மா இவளப் பாத்தா "வந்துட்டியா கண்ணு"ன்னு கேக்கற அளவுக்கு. நான் பண்ணாத கிண்டலில்ல. அவளும் சிரிச்சுக்குவா.

முதுகுக்குச் சாய்மானம் இருக்குது. கைய வச்சு அமுக்கிப் பாருங்க, மெத்தை. அதுல அவ சாஞ்சதில்லீங்க, அந்த எடத்துல என்ற டூல்ஸ் பையும் கூடாரமும் கட்டியிருக்கும். கூடாரம் ஒருவாட்டிகூடப் போட்டதில்ல. டூரிங்னா கூடாரம் வேணுமில்ல, அதுக்காகக் கட்டிக்கறது.

நான் சொல்றேன்னு நெனைக்காதீங்க, எங்கூருப் பொம்பளைங்க பழனியத் தாண்டாதவங்க. நான் அவளுக்கு என்னென்ன காமிச்சேன் தெரியுங்களா? கொல்லிமலை வளைவு, தனுஷ்கோடி, மூணாறு, குற்றாலம், வயநாடு, ஹம்பி. அவளோட அக்கா தங்கச்சிங்க எல்லாம் பொறாமையில வெந்துபோயிக் கெடந்தாங்க. தனுஷ்கோடியில ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கடலு, தம்பி. ஓட்டிட்டே கத்தறேன், மயிலா, இந்தப் பக்கம் பாரு, அந்தப் பக்கம் பாருன்னு. கடைசியில எறங்கி நின்னு, எப்படி இருந்துச்சு புள்ளன்னு கேட்டா, "உங்க சட்டைக் காலர்ல தையல் பிரிஞ்சிருக்குதுங்க, ஊட்டுக்குப் போனதும் தெச்சுத் தர்றேன்"ங்கறா. அத்தாம்பெரிய கடலு கெடக்குது, இவ காலரைப் பாத்துட்டு வந்திருக்கறா. ரசனை வேணும் தம்பி எல்லாத்துக்கும். அது அவளுக்குக் கொஞ்சம் கம்மி.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வர்றேன். இங்க குனிஞ்சு பாருங்க. பின் ஷாக் அப்சார்பர். இந்தப் புடியைத் திருப்புனா மூணு நிலை. ஒத்தையாளுக்கு ஒண்ணு, ரெண்டாளுக்கு ஒண்ணு, ரெண்டாளும் சாமானும்னா ஒண்ணு. கடைசியில வச்சுப்போட்டீங்கன்னா, பின்னாடி ஆள் இருக்குதா இல்லையான்னே தெரியாது. அப்படியே மெதக்கும். வளைவுல ஒரே மாதிரி சாயும், பிரேக் புடிச்சா ஒரே மாதிரி நிக்கும். எஸ்டேட்காரர் அதைத்தான் பெருமையாச் சொல்லி என்றகிட்டக் குடுத்தாரு. நானும் உங்ககிட்டச் சொல்லிக் குடுக்கறேன். ஆனா எம்பட குடும்பம் இப்ப ரெண்டாக் கெடக்கறதுக்கும் இந்தப் புடிதான் காரணம்.

மோரக் குடிங்க, சொல்றேன்.

போன மார்கழி. மயிலா எப்பவும் இங்க போலாம் அங்க போலாம்னு வாயத் தெறக்காதவ, அன்னைக்குத்தான் மொத மொதல்ல ஒரு எடத்தை அவளாக் கேட்டா. கர்நாடகத்துப் பேலூர்க் கோயிலு. செலைகளாமா, ஒவ்வொரு செலையும் நகக்கண்ணு தெரியற மாதிரி செதுக்கியிருக்கறாங்களாமா. டிவியில பாத்திருக்கறா. போலாமுங்களான்னா. ஏன் போவாம? மறுநாளே பெட்டியக் கட்டிட்டேன். பண்ணாரியில துணிய மாத்தி, திம்பம் ஏறி, சாம்ராஜ்நகர் தாண்டி, மைசூர்ல தங்கிட்டு, காலையில ஹாசன் ரோட்டப் புடிச்சோம். அருமையான ரோடு. ரெண்டு பக்கமும் அவரைக் காடு, பனி இன்னும் வெலகல.

ஒரு ரயில்வே கேட்டு வந்துச்சுங்க. மூடிக் கெடக்குது. இவ எறங்குனா. ரொம்ப நேரம் காலை அகட்டி உக்காந்ததுல மரத்துப்போச்சாம், சித்த நிக்கறேன்னா. நானும் என்ஜினை நிறுத்தல, நிறுத்திட்டு எடுத்தா பனியில சிலிண்டர் ஆறிரும். ரயிலு போச்சு. கேட்டைத் தூக்கறாங்க. பின்னாடி லாரிக்காரன், கார்க்காரன் எல்லாம் ஹாரனைக் கையெடுக்காம அடிக்கறானுங்க. நான் ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்குனேன்.

இங்கதானுங்க நீங்க கவனிக்கோணும். இந்த என்ஜினோட கொணம் ஒண்ணு இருக்குது. நின்ன எடத்துல முறுக்குனா வண்டி ஒரு பக்கமா லேசா ஆடும். ரெண்டு சிலிண்டர் குறுக்க இருக்கறதுனால அப்படி. பின்னாடி ஒரு ஆள் ஏறுனாலும் அதே மாதிரிதான் ஆடும். வாங்குன புதுசுல "ஏறீட்டியா"ன்னு கேட்டுட்டுத்தான் எடுப்பேன். அப்பறம் எதுக்குங்க கேக்கறது? வண்டியே சொல்லுதே. கேக்கறத உட்டுப் பத்து வருசம் இருக்கும்.

வண்டி ஆடுச்சு. நான் எடுத்துட்டேன்.

சிரிக்கறீங்களா? சிரிங்க, சிரிங்க. நானும் வேற எவனாவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன்.

ஹாசன் வந்துச்சு, தாண்டுனேன். பேச்சுக் குடுத்துட்டேதான் போறேன். மயிலா, அவரைக்காய் வாசம் வருதா பாருன்னேன். இந்த வளைவுல எப்படிச் சாஞ்சுது பாத்தியான்னேன். சுகுணா வீட்டுப் பேரனுக்குக் காதுகுத்து வைக்கறதப் பத்தி ஒரு முடிவே எடுத்துட்டேன், எப்ப வைக்கறது, எந்த மண்டபம்னு. சிக்னல்ல நின்னப்பகூட ஏதோ சொன்னேன். அவ "உம்"னு சொன்ன மாதிரிதான் இருந்துச்சு, தம்பி. சத்தியமாச் சொல்றேன், எனக்கு "உம்"னு கேட்டுச்சு.

பேலூர்ல கோபுரத்துக்கு முன்னால நிறுத்தி, "எறங்கு மயிலா, உன்ற செலையெல்லாம் வந்துருச்சு"ன்னேன். ஸ்டாண்டு போடோணும், அவ எறங்கோணும் மொதல்ல. எறங்குன ஆட்டம் தெரியல. திரும்பிப் பாக்கறேன். கூடாரப் பைதான் இருக்குது.

கேட்டுல உட்டுட்டேங்கறது எனக்குத் தோணவேயில்ல. விழுந்துட்டான்னுதான் நெனச்சேன். எங்கயோ ஒரு வளைவுல தூக்கி வீசிப்போட்டேன், அவ எங்கயோ பள்ளத்துல கெடக்கறா, லாரிக்காரன் ஏத்தியிருப்பான், இப்படியே புத்தி போவுது. வந்த ரோட்டுலயே திரும்புனேன். ஒவ்வொரு பாலத்துக்கும் நிறுத்தி எறங்கி எட்டிப் பாத்தேன். ஒவ்வொரு பள்ளத்துலயும் பாத்தேன். அங்கங்க வயல்ல நின்னவங்க கிட்டயெல்லாம் தமிழ்லயே கேக்கறேன், எம்பொண்டாட்டியப் பாத்தீங்களா, பச்சைச் சுடிதாருன்னு. அவங்களுக்கு ஒண்ணும் புரியல, அழுவறவனைப் பாத்துப் பாவப்பட்டு நிக்கறாங்க. ஒரு சின்னப் பாலத்துக்குக் கீழ பச்சையா ஒரு துணி கெடந்துச்சு. எறங்கிப் போயி எடுத்தேன். அது எவனோ வீசுன சாக்குங்க. அந்தச் சாக்கைக் கையில புடிச்சுட்டு நான் கொழந்தையாட்டம் அழுதேன். எனக்கு அவ இல்லாம ஆவாது தம்பி. அது எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுதுன்னு இல்ல, எப்பவுமே தெரியும்.

அப்படியே தேடிட்டே அந்தக் கேட்டுக்கு வந்துட்டேன். அங்க பாத்தா, கேட்மேன் ரூமுக்கு வெளிய சிமெண்ட் மேடையில உக்காந்திருக்கறா. கேட்மேன் சம்சாரமும் இவளும் நடுவால மொறத்தை வச்சுக்கிட்டு அவரைக்காய் உரிச்சுட்டு இருக்கறாங்க. அது கன்னடத்துல ஏதோ சொல்லுது, இவ தமிழ்ல ஏதோ சொல்றா, ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. மயிலா தலைய மேல தூக்கிச் சிரிக்கறா. நான் பள்ளம் பள்ளமா எறங்கி அழுதுட்டு வர்றேன், இவ சிரிச்சுட்டு அவரைக்காய் உரிக்கறா! எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க. அப்படி ஒரு சிரிப்பு அவ என்றகிட்டச் சிரிச்சதில்லீங்க. பக்கத்துல ஒரு சொம்புத் தண்ணி வேற, பாதி குடிச்சு வச்சிருக்கறா.

கத்திப்போட்டேன். கைகாட்டி நிறுத்தியிருக்கக் கூடாதா, கத்தியிருக்கக் கூடாதான்னு. "கத்துனேனுங்க"ன்னா. அவ்வளவுதான். கை வச்சு ஏறப் பாக்கறப்பத்தான் வண்டி போயிருச்சாமா. கொஞ்ச தூரம் ஓடி வந்திருக்கறா. செருப்பு ஒண்ணு அறுந்துபோயி, கேட்மேன் சம்சாரத்தோட செருப்பைப் போட்டிருக்கறா. பணம், போனு, பை எல்லாம் பெட்டிக்குள்ள. சரி, போச்சு, ஆள் கெடைச்சாளேன்னு எனக்கு மனசு எறங்கிருச்சு. அவளச் சிரிக்க வைக்கலாம்னு சொன்னேன், "பேலூர் வரைக்கும் உன்றகூடப் பேசிட்டேதான் புள்ள போனேன், நீ இல்லைங்கறதே தெரியல, அப்படி மெதக்குது வண்டி"ன்னு.

அவ உரிக்கறத நிறுத்திப்போட்டா.

"என்ன பேசுனீங்க?"ன்னா. சொன்னேன். அவரைக்காய் வாசம், வளைவு, காதுகுத்து, எல்லாம் சொன்னேன். "நான் என்ன சொன்னேன்?"னு கேட்டா. "நீ எப்பவும் போல உம்னு சொன்ன"ன்னேன். கையில இருந்த அவரைக்காய மொறத்துல போட்டா. அப்பறம் சொன்னா, "இத்தன வருசமும் அப்படித்தானுங்க ஓட்டியிருக்கறீங்க."

அதுல என்ன தப்பு இருக்குது? நல்லா ஓட்டியிருக்கறேன்னுதானே அர்த்தம்? ஆனா மொகம் அப்படி இல்ல. "பெட்டியத் தெறங்க, என்ற பையை எடுக்கோணும்"ன்னா. எடுத்தா. அந்தப் பொம்பளையே ரோட்டுல நின்னு மைசூர் பஸ்ஸை நிறுத்திக் குடுத்துச்சு. ஏறிப் போயிட்டா. பேலூர் அந்தா இருக்குது, வா போலாம்னு எவ்வளவோ கெஞ்சுனேன். "நீங்கதான் பாத்துட்டு வந்துட்டீங்களே"ங்கறா. நானும் உள்ள போவலீங்க, கோபுரத்தோட திரும்புனவன்தான். அதைச் சொல்றதுக்குள்ள பஸ் எடுத்துட்டான்.

சத்தி வரைக்கும் அந்தப் பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் பின்னாடியேதான் வந்தேன். சன்னல்ல அவ முந்தானை தெரியுமான்னு பாத்துக்கிட்டே. சுடிதாருக்கு ஏது முந்தானை? அதுகூட எனக்கு ஞாபகமில்ல. திம்பத்துல டிரைவர் ஒவ்வொரு வளைவுலயும் பாதி ரோட்டைத் தின்னுட்டுத் திருப்பறான், நம்ம வண்டியா இருந்தா எப்படி எறங்கியிருக்கும்! பண்ணாரியில அவ எறங்கி மாத்திக்குவான்னு நின்னேன். எறங்கல. சுடிதாரோடயே கோபி பஸ் ஸ்டாண்டுல எறங்கி, கடைவீதி முழுக்க நடந்து வீட்டுக்கு வந்தா. எல்லாரும் பாத்தாங்க.

ரெண்டு நாள் சோறாக்குனா, துணி தொவைச்சா, கேட்டதுக்குப் பதில் சொன்னா. மூணாம் நாள், "சுகுணா வீட்டுக்குப் போயிட்டு வர்றேனுங்க"ன்னா. பொங்கலுக்கு வரல. நான் பாலக் காய்ச்சி எறக்கி வச்சுப்போட்டு, குக்கர்ல பச்சரிசியப் போட்டேன், கருகிப்போச்சு. இப்பவும் காலையில எந்திரிச்சு "காபி ஆச்சா"ன்னு சமையல்கட்டப் பாத்துக் கேக்கறேன். பழக்கதோசம். வூட்டுல பேச்சுக்கு ஆளில்லாம இருக்கறது ஒரு நோவு மாதிரிதான் இருக்குதுங்க. சுகுணா வேற போன்ல, "அப்பா, அம்மாவுக்கு வண்டி மேலயெல்லாம் கோபமில்லப்பா, நீங்க வந்து பேசுங்க"ங்கறா. நான் என்னத்தப் பேசறது? ஷாக் அப்சார்பரைக் கடைசி நிலையில வச்சிருந்தேன், அதுனாலதான் தெரியலன்னு நாலுவாட்டி போன்லயே விளக்கிட்டேன். தப்பு மெசினோடது. மெசினே போயிருச்சுன்னா அவளுக்கு வர என்ன தடை?

என்ன தம்பி, அப்படியே பாக்கறீங்க? பேப்பரெல்லாம் சரியா இருக்குது, பாத்துட்டீங்கல்ல. வெலை போன்ல பேசுனதுதான். இந்தாங்க சாவி. புடிங்க. புடிச்சுட்டீங்கல்ல? வித்தாச்சு. சித்த இருங்க, உங்க முன்னாலயே அவளுக்குப் போன் போட்டுச் சொல்லிப்போடறேன், மொகத்தப் பாருங்க எனக்கு எப்படி மாறுதுன்னு.

ஹலோ. மயிலா. நாந்தான். சாப்ட்டியா? சரி, கேளு. வண்டிய வித்துப்போட்டேன். ஆமா. நெசமாத்தான், சாவியக் குடுத்துட்டேன், ஈரோட்டுத் தம்பி, எதுக்காலதான் நிக்கறாரு, வேணும்னா பேசச் சொல்லட்டா? வேண்டாமா. சரி. இனி நம்ம வாசல்ல அது நிக்காது புள்ள. நீ பொழுதோட கெளம்பி... என்ன? ஏன் அப்படிக் கேக்கற? இல்ல, உனக்காகத்தான்... ம். ம். இல்ல மயிலா, நான் என்ன சொல்றேன்னா... ம். சரி. சரி, வெய்யி. மாத்திரை போடறேன். வெய்யி.

ஒண்ணுமில்லீங்க. வச்சுட்டா.

பாவம் அந்த வண்டிய எதுக்கு வித்தீங்கங்கறா. உங்களுக்கு அது உசுராச்சேங்கறா. நான் உனக்காகத்தான்னேன். "வண்டியா என்னைய உட்டுட்டுப் போச்சு?"ன்னு கேக்கறா. கோவமா இல்லீங்க, மெல்லத்தான் கேட்டா. அங்கயே இருந்துக்கறாளாமா. பேரனோட ஸ்கூலுக்குப் பக்கத்துல ஒரு அம்மா தையல் கத்துத் தருதாமா, போறாளாமா. என்னைய மாத்திரைய மறக்காமப் போடச் சொன்னா. சாதம் குழைஞ்சுபோவுதா, தண்ணிய ஒரு டம்ளர் கொறைச்சு வையுங்கன்னா.

இல்ல தம்பி, சாவிய நீங்களே வச்சுக்குங்க. திருப்பித் தராதீங்க. உங்களுக்குப் போயி என்ற மேல எரக்கம் வந்து வண்டி வேண்டாம்னுட்டுப் போயிட்டா, நான் அதைத் தெனமும் தொடச்சுக்கிட்டு இந்த வாசல்ல உக்காந்திருக்கோணும். பின்னாடி ஏத்தறதுக்கு ஆளில்லாத டூரிங் வண்டிய வச்சுக்கிட்டு என்ன பண்றது? எடுத்துட்டுப் போங்க. கல்யாணம் ஆயிருச்சுங்களா? போன வருசமா. நல்லா இருங்க.

ஒரு ஒத்தாசை பண்ணுங்க. போற வழியில என்னைய பஸ் ஸ்டாண்டுல எறக்கி உட்டுருங்க, திருப்பூர் பஸ்ஸைப் புடிச்சுக்கறேன். போன்ல எதுவும் வெளங்க மாட்டேங்குது. நேர்ல போயி உக்காந்து, அவளுக்குச் சரியா விளக்கிச் சொல்லோணும், அந்த ஷாக் அப்சார்பரு விசயத்தையும், முறுக்குனா ஆடற விசயத்தையும். இன்னைக்கே முடியாட்டியும் பரவால்ல. சுகுணா வீட்டு முன் ரூம்புல ஒரு கட்டில் கெடக்குது, இருந்து சொல்றேன். அவ கேக்கற வரைக்கும் சொல்றேன். இல்ல, அவ ஏதாச்சும் சொன்னாலும் கேட்டுக்கறேன்.

கதவப் பூட்டிட்டேன். துண்டு எடுத்துட்டேன். உக்காருங்க, நீங்க முன்னால உக்காருங்க. கிளச்சை முழுசாப் புடிச்சு எடுங்க, மெதுவா உடுங்க. நியூட்ரல்ல பச்சை லைட்டு எரியும். சத்தத்தைக் கேட்டுப் பயந்துராதீங்க. அட, இந்தப் பக்கமாக் காலத் தூக்கிப் போடறதுக்குள்ள இடுப்புப் புடிச்சுக்குது. இருங்க, முறுக்காதீங்க. நான் எங்கயும் புடிக்கல இன்னும். எடுக்கறதுக்கு முன்னால என்னைய ஒரு வார்த்தை கேட்டுப்போடுங்க தம்பி, ஏறீட்டீங்களான்னு.